தலைகீழாகப் படித்த ஆர்ஃபியஸ்

3 மார்ச்

என் அன்புள்ள ரத்தக்காட்டேரிக்கு,

நலம்தானே? இன்று எத்தனை பேர் நீ ரத்தம் எடுக்கும் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார்கள்? நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். அந்த ஊர் ஆஸ்பத்திரி லேபிலேயே நிரந்தரமாக இருக்க மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறாயாம், உன் தம்பி சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று நூலகத்து லிஃப்ட் மக்கர் செய்கிறதென்று சரிசெய்யப் போனேன். உதிரிபாகம் வரும்வரை உட்கார்ந்திருந்தபோது ஒரு படக்கதைப் புத்தகம் கண்ணில் பட்டது. கிரேக்க புராணம். தலைப்பில் பெயர் மட்டும் உண்டு, மற்றபடி பேச்சே இல்லை, எல்லாம் படம்தான். சும்மா புரட்டியவன் எழுந்திருக்கவில்லை. ஒரு பையன் கடலிலிருந்து எழும்பி, சிறகு முளைத்து, அப்பாவிடம் பறந்து போகிறான். பாம்புத் தலைக்காரி ஒருத்தி பார்த்தாலே போதும், கற்சிலைகள் மனிதர்களாகிவிடுகின்றன. நூலகர் அம்மாள் வந்து, "லிஃப்ட்டப் பாக்க வந்தீங்களா, பொஸ்தகம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

எல்லாவற்றிலும் உசத்தி ஆர்ஃபியஸ் கதை. அவன் தனியாக உட்கார்ந்து அழுகிறான். புகை மாதிரி ஒரு பெண் தெரிகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான்; அவ்வளவுதான், அவள் முழு மனுஷியாகிப் பின்னாலேயே நடக்கிறாள். கடைசிப் பக்கத்தில் கல்யாணம். நீயும் வந்துவிடேன்.

உன்
லிஃப்ட்காரன்


9 மார்ச்

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து, லேபில் எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி சிரித்தேன். அந்தப் புத்தகத்தை இங்கேயும் தேடிப் பிடித்துவிட்டேன். ஐயா, அது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது. முன்னட்டை என்று நீங்கள் திறந்தது பின்னட்டை. அம்புக்குறியே போட்டிருக்கிறார்கள், கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள்?

அந்தப் பையன் சூரியன் பக்கம் பறந்து, சிறகின் மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். பாம்புத் தலைக்காரி பார்த்தால் மனிதர்கள்தான் கல்லாகிறார்கள். ஆர்ஃபியஸின் மனைவி கல்யாணத்தன்றே பாம்பு கடித்துச் சாகிறாள். அவன் பாதாளத்துக்கே போய்ப் பாடி, அவளைக் கேட்டு வாங்கி வருகிறான். வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. பார்த்துவிடுகிறான், அவள் புகையாகிவிடுகிறாள். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. என்னைக் கண்டாலே கூட வேலை செய்கிறவர்கள் ஓடி ஒளிகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 'வந்துவிடு, வந்துவிடு' என்று எப்போதும் இருந்த இடத்திலிருந்தே கூப்பிடுகிறீர்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும், மனைவி இருக்கிற இடத்துக்குப் போனவன் அவன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உங்களையும் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
ரத்தக்காட்டேரி


14 மார்ச்

என் அன்புக்கு,

நீ சொன்னபடி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்தேன். பையன் விழுந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்த பிறகுதான் மீதியைப் படிக்க முடிந்தது. என்ன மாதிரிக் கதைகள்! இரண்டு விதமாகவும் படிக்கக் கொடுத்துவைத்தவன் நான் ஒருவன்தான்.

நீ கையெழுத்துப் போட்டுவிடு. இங்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். அங்கேயும் மாடிகள் இருக்கும், லிஃப்ட்டுகள் மக்கர் செய்யும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நானும் என் ஸ்பானர் பெட்டியும் வருகிறோம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வீட்டிலேயே இரு, நான் வந்து சேர்கிறேன்.

உன்
லிஃப்ட்காரன்