தொப்பை அனுப்பும் சேதி

செவ்வாய், இரவு.

மின்சார ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர், இந்த மாதம் இரண்டு முறை இரும்புலியூரில் இறங்க மறந்து பெருங்களத்தூர் வரை பஸ்ஸில் போய்விட்டார். பயந்துபோய் இன்று தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் தலைக்கு ஸ்கேன் எழுதிவிட்டு, டேப்பை எடுத்து இவர் வயிற்றை அளந்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"மறதிக்குத்தான் வந்தோம் மேடம், தொப்பைக்கு இல்ல."

"ரெண்டும் பேசிக்கும்மா. கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்ல. அதுலேர்ந்து ஹார்மோன் ரத்தத்துல கலந்து மூளைக்குப் போகுது. 'போதும், வயிறு ரொம்பிடுச்சு'ன்னு சொல்றதும் அதுதான், ஞாபகத்துக்கு ஒத்தாசை பண்றதும் அதுதான். கொழுப்பு ஏறிப்போனா ஓயாம சொல்லிட்டே இருக்கும். மூளை காதுலயே வாங்காது."

முப்பது வருஷமாக நான் கேலி செய்த தொப்பை. இவர் தூங்கும்போதுகூட அது தலையோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. நானும்தான் ஓயாமல் சொல்கிறேன், காதில் வாங்கினாரா?

ராத்திரி மூன்றாவது தோசையைத் திருப்பும்போது, "போதும்" என்றார். இந்த வாயிலிருந்து நான் கேட்டே இராத சொல். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சொன்னது இவரா, தொப்பையா?