மாடத்தில் ஒன்பது கற்கள்

1941 செப்டம்பர் 8, திங்கள். தேவாரம்

காலையிலிருந்து பல்வலி. கிராம்பு வைத்து அடக்கியிருக்கிறேன். மதுரையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்தது. டிசம்பர் வரை விடுப்பு உண்டு. எனக்குப் பதிலாக வந்திருப்பவள் தாவரவியலைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிவிடுவாள். ஆக்கட்டும்.

தம்பி ஞானதுரை போடிக் கடையிலிருந்து ஏலக்காய் மணத்தோடு வந்தான். செம்புக்கரட்டுக் குன்றில் நாற்பத்தைந்து வருஷமாக இரும்புக் கதவு போட்டுப் பூட்டிக் கிடந்த சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். யுத்தத்துக்குச் செம்பு வேண்டுமாம். பழைய கம்பெனியின் இங்கிலீஷ் பதிவேடுகளைப் படித்து, உள்ளே போய்ப் பார்த்து, சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுத ஆள் வேண்டும்.

"நீ பி.ஏ. சயன்ஸ் படிச்சவ. நீ கையெழுத்துப் போட்டா மறுபேச்சு இருக்காதுக்கா."

அவனுக்கு வேண்டியது என் கண்ணா, என் கையெழுத்தா?

செப்டம்பர் 10, புதன்

அடிவாரம் வரை வண்டி. பிறகு ஒன்றரை மைல் நடை. கூட வந்தவன் கர்ணன். கிணற்றுப் பாறைக்கு வெடி வைத்துப் பழகியவன். தம்பி அவனைத்தான் அமர்த்தியிருக்கிறான்.

வாசலில் குனிந்து நுழைய வேண்டும். ஐம்பது அடிக்கு அப்பால் நிமிரலாம். சுவரெங்கும் உளித் தடங்கள். புளி போட்டுத் துலக்காத செம்புப் பானைபோலப் பாறையில் பச்சைக் களிம்பு. முட்டுக் கொடுத்த மரங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. விரலால் தொட்டால் மாவாக உதிர்கிறது. வௌவால் நாற்றம். பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை அடி வந்தோம் என்று நான் எண்ணிக்கொண்டே நடந்தது எதற்கு?

உள்ளே வழி மூன்றாகப் பிரிகிறது. மேற்கு வழியின் முடிவில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். அதற்குப் பின்னால் நாற்பது அடிக்கு நல்ல தாது இருப்பதாகப் பழைய வரைபடம் சொல்கிறது.

வாசலுக்கு அருகே பாறையில் குடைந்த ஒரு மாடம். அதில் ஒன்பது கூழாங்கற்கள், ஒவ்வொன்றிலும் உளியால் கீறிய அடையாளம். இவை ஓடைக் கற்கள், இந்தக் கரட்டுப் பாறை அல்ல. இங்கே எப்படி வந்தன? எடுத்து வந்து பஞ்சு வைத்த, பாறை மாதிரிகள் வைக்கும் பெட்டியில் அடுக்கி எண் ஒட்டினேன். ஒன்று முதல் ஒன்பது வரை.

செப்டம்பர் 13, சனி

பதிவேட்டின் கடைசிப் பக்கம்: "1896 நவம்பர் 22, ஞாயிறு. வேலை இல்லை. 23, திங்கள். தாது தீர்ந்தது. ஆட்கள் அனைவரும் வெளியே. சுரங்கம் மூடப்பட்டது."

தாது தீர்ந்தது என்றால் வரைபடத்தில் இருக்கும் நாற்பது அடித் தாது எங்கே போயிற்று? தம்பியிடம் கேட்டேன்.

"பின்னால வந்து எடுத்துக்கலாம்னு மறைச்சுக் கட்டிட்டுப் போயிருப்பான் வெள்ளைக்காரன். இது கூடத் தெரியலையா?"

பொருந்துகிறது. பொருந்துவதெல்லாம் உண்மையா என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. அவனிடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கர்ணனின் தாய் மூக்கம்மாள் வீட்டு வேலைக்கு வருகிறாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சுரங்கத்துக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் பற்றிக் கடைத்தெருவில் கதை ஓடுகிறதே, நிஜமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேலையத்தவுக பேச்சு டீச்சரம்மா. அந்தப் பொடவுக்குள்ள பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எங்க குடியக் கெடுத்தது மட்டும் நெசம்."

அவள் தந்தை ஒச்சாண்டி அங்கேதான் வேலை பார்த்தாராம். கம்பெனி மூடிய நாளில் எட்டுப் பேரோடு சேர்ந்து மலை தாண்டி மலையாளத்துக்கு ஓடிவிட்டதாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அப்போது இவளுக்குப் பத்து வயது.

"எங்கம்மா முப்பது வருசம் பூவும் பொட்டுமா வாசலப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. ஊருச் சிறுக்கிக எல்லாம், 'என்ன மாயக்கா, ஒம் புருசன் மலையாளத்தாளுக்குத் தேங்கா திருகிக் குடுக்கிறானாமே'ம்பாளுக."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பல்லைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, சனி

கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று. "உட்பகுதி உலர்ந்துள்ளது. மேற்குச் சுவரில் சிறிது ஈரம். அபாயம் இல்லை."

அக்டோபர் 9, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. 27ஆம் தேதி மேற்குச் சுவரை வெடி வைத்துத் தகர்க்கப்போகிறார்கள். தம்பி எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தான். மழை தொடங்கியிருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சுரங்கத்துக்குப் போனேன். சுவரில் ஓர் இடுக்கிலிருந்து நீர் சொட்டாமல் ஒழுகுகிறது. செப்டம்பரில் இது இல்லை. டம்ளரை வைத்தேன். நிரம்பப் பதினான்கு நிமிஷம்.

அக்டோபர் 15, புதன்

பதினொரு நிமிஷம்.

அக்டோபர் 18, சனி

ஆறு நிமிஷம். கடிகாரம் தவறோ என்று மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

தம்பி சொல்கிறான்: "ஐப்பசி மழைன்னா கசியத்தான் செய்யும். நம்ம வீட்டுச் சுவர் கசியலையா?"

மற்ற இரண்டு வழிகளும் காய்ந்து கிடக்கின்றன. மழை ஒரு சுவருக்கு மட்டுமா பெய்கிறது? சுவருக்குப் பின்னால் நீர் நிற்கிறது. எவ்வளவு உயரத்துக்கு? அபாயம் இல்லை என்று எழுதினது யார்? நான்தானே.

அக்டோபர் 21, செவ்வாய்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

காலையில் மூக்கம்மாள் என் அறையைப் பெருக்க வந்தாள். காகிதம் பறக்காமலிருக்க ஏழாம் எண் கல்லை மேசைமேல் வைத்திருந்தேன். விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"இது ஏது டீச்சரம்மா?"

"சுரங்கத்து மாடத்தில் இருந்தது. இன்னும் எட்டு இருக்கு." பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவள் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மூன்றாம் கல்லை முகவாயால் காட்டினாள்.

"ரெண்டு கோடு, ஒரு புள்ளி. எங்கய்யா கல்லு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

"ஓடையில பொறுக்கிக் குடுத்தது நாந்தான? கோடு அவுக போட்டது. புள்ளி நான் வச்சேன். உளி வழுக்கி இங்கன ஏறிருச்சு." இடது கைப் பெருவிரலை நீட்டினாள். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது.

பிறகு அவளே சொன்னாள். ஆளுக்கொரு கல். உள்ளே போகும்போது மாடத்தில் போட வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் மேஸ்திரி மாடத்தைப் பார்ப்பார். கல் கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

"அடுத்தவுக கல்ல ஒருத்தரும் தொட மாட்டாக. நீங்க தொட்டுட்டீக."

"தொட்டால் என்ன?"

"எடுத்துட்டா ஆளு வெளிய வந்துட்டாகன்னு ஆயிப்போகும்ல?"

ஆட்கள் அனைவரும் வெளியே. பதிவேட்டில் அவர்கள் இங்கிலீஷில் எழுதியதைத்தான் நான் பஞ்சு வைத்துச் செய்திருக்கிறேன். கடைத்தெருக் கதையையெல்லாம் சந்தேகித்தேன். காகிதத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

"கம்பெனி மூடினதற்கு முந்தின நாள் வேலை நடந்ததா? ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயித்துக்கெழம ஒம்போது பேர மட்டும் கூப்பிட்டாக. காலையில கஞ்சி குடிச்சிட்டுப் போனாரு. மறுநா விடிய எங்கம்மா போயிப் பாத்தா, கதவு போட்டுக் கெடக்கு. அன்னைக்கும் இப்படித்தான் மழ."

விளக்குமாற்றை எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள். பிறகு, "அப்ப ஓடலையா டீச்சரம்மா? எங்கய்யா ஓடலையா? எங்கம்மா சாகுற மட்டும் இல்லாத ஒரு மலையாளத்தாளத் திட்டிக்கிட்டே செத்துச்சே, அவுக ஓடவே இல்லையா?"

மூன்று தடவை கேட்டாள். "ஓடாமல் இருந்திருக்கலாம்" என்றேன். இருந்திருக்கலாம்! அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தையா அது?

மத்தியானம் மழையோடு மேலே போய் ஒன்பது கற்களையும் மாடத்தில் திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

தம்பியிடம் எல்லாம் சொன்னேன். கல், ஞாயிற்றுக்கிழமை, டம்ளர். அன்று நீர் உடைத்துக்கொண்டு வந்திருக்கும், ஒன்பது பேரையும் உள்ளே விட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்றேன்.

"ஓடுற அவசரத்துல கல்லை எடுக்க மறந்திருப்பான்."

"ஒன்பது பேருமா?"

"அக்கா, போடிக் கடையை இதுல போட்டிருக்கேன். உன் கையெழுத்தை நம்பித்தான் போட்டேன். இப்ப ஒரு கிழவி பேச்சைக் கேட்டு நீ பின்வாங்கினா, என்னைய விடு, உன்னைய யாரு மதிப்பா?"

என் அறிக்கை தவறு என்று சர்க்காருக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வர இருபது நாளாவது ஆகும். வெடிக்கு ஐந்து நாள் இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

கர்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "அம்மாவும் அழுதுக்கிட்டே கெடக்கு. நான் போகலைன்னா கோம்பையிலருந்து ஒருத்தனக் கூட்டியாந்துருவாக டீச்சரம்மா. அவன் எனக்கு மச்சான் மொற. அவனச் சாகவிட்டு எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பந்தியில உக்கார?"

இன்று டம்ளர் நான்கரை நிமிஷம். தம்பி என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கிளம்பினேன். ஓடையைத் தாண்டும்போது ஒரு கல்லைப் பொறுக்கினேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மாடத்தில் ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேற்கு வழியில் போய்ச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வேதாகமத்துச் சங்கீதம் ஒன்று நினைவுக்கு வந்து பாதியில் நின்றுபோயிற்று. தாவரக் குடும்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அது நிற்காமல் வந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் ஜில்லென்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்—

கர்ணன் முதலில் வந்தான். என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி!" என்று திரும்பி ஓடினான். வெகு நேரம் கழித்துத் தம்பி லாந்தரோடு வந்தான், பின்னால் கர்ணன்.

"எந்திரிக்கா. மானத்தை வாங்காத. வெளிய பத்துப் பேரு நிக்கிறாக."

"உட்காரு. கடிகாரத்தை எடு."

"அக்கா—"

"துரை, நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் நிரம்புகிற நேரம் உட்காரு."

உட்கார்ந்தான். நான் டம்ளரை இடுக்கில் வைத்தேன். அவன் லாந்தருக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டான். பாதி நிரம்பும்போதே அவன் முகம் மாறியது. இரண்டே முக்கால் நிமிஷம். கொட்டிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். இரண்டே முக்கால். எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தான். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் இப்படித்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

"கர்ணா! வெடி வேண்டாம். நீள உளியால மேல ஒரே ஒரு துளை போடு. விரல் தண்டிக்குப் போதும். மத்தவுக யாரும் உள்ள வர வேண்டாம். அக்கா, நீயும்தான்."

நான் போகவில்லை. அரை மணி நேரம் உளிச் சத்தம். பிறகு சத்தம் மாறியது. கர்ணன் உளியை உருவினதும் நீர் பாய்ந்து எதிர்ப்பாறையில் அடித்தது. அவன் தலைப்பாகை எங்கேயோ போயிற்று. மூவரும் ஓடினோம். வாசலைத் தாண்டும்போது கர்ணன் ஒருவன்தான் நின்று மாடத்துக்குள் கைவிட்டுத் தன் கல்லை எடுத்துக்கொண்டான். அவன் தாய் சொல்லி அனுப்பியிருந்தாளாம்.

விரல் அளவுத் துளை. சுவர் முழுவதும் போயிருந்தால்?

அக்டோபர் 28, செவ்வாய்

தம்பி போடிக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை.

நவம்பர் 12, புதன்

இன்னும் நீர் ஓடுகிறது. பதினாறு நாள். நீரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. சர்க்கார் அதிகாரி வந்து பார்த்தார். சுவரை யாரும் தொடக் கூடாது, குத்தகை ரத்து, 25ஆம் தேதி வாசலைக் கல் வைத்துக் கட்டி அடைக்க உத்தரவு. "உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று என்னைக் கேட்டார். ஒன்பது கற்கள், ஒரு பிளந்த நகம் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் என் புது அறிக்கையில் எழுதினேன்: "வெளியே வராதவர்கள் ஒன்பது பேர்."

நவம்பர் 19, புதன்

மூக்கம்மாள் சுருளிக்குப் போய் அருவியில் முழுகி, தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தாள். அவர் கல்லை அடைப்பதற்கு முன் எடுத்து வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"அவுக அங்கனதான இருக்காக. கல்லு மட்டும் வீட்டுல என்னத்துக்கு? நம்ம தெருவுல நாலு பேருகிட்டச் சொல்லிட்டேன், ஓடலைன்னு. அது போதும்." பிறகு குரலை உயர்த்தினாள்: "ஒங்க கல்ல எடுத்தீகளா? அன்னைக்கு ஓடியாந்ததுல எடுத்திருக்க மாட்டீகளே! அடைச்சுட்டாகன்னா நீங்களும் உள்ளன்னு ஆகும். படிச்சவுகளுக்கு இது வேற சொல்லணுமாக்கும்."

நவம்பர் 24, திங்கள்

நம்பிக்கையினால் போகவில்லை. போகாமலிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாடத்தில் ஒன்பது கற்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் என் கல். அதையும் ஒட்டி இன்னொன்று. ஓடைக்கல் இல்லை. வண்டிப்பாதையில் கிடக்கும் ஜல்லி, கைக்கு அகப்பட்டதை எடுத்தது போல. அன்று உள்ளே வந்தவர்கள் மூன்று பேர்தான். கர்ணன் தன்னுடையதை அன்றே எடுத்துவிட்டான்.

என்னைத் திட்டுவதற்காக உள்ளே நுழைந்தவன், நுழைவதற்கு முன் குனிந்து இதைப் பொறுக்கியிருக்கிறான்.

என் கை அதை நோக்கி நீண்டது. மடக்கிக்கொண்டேன். என்னுடையதை மட்டும் எடுத்தேன்.

அடிவாரத்திலிருந்து நேரே போடி பஸ். கடையில் பாதி அலமாரி காலி. தம்பி நிமிர்ந்து பார்த்தான். சுரங்கத்திலிருந்து வந்த பிறகு நான் அவனிடம் பேசும் முதல் வார்த்தை என்ன என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். அது மறந்துபோயிற்று.

"நாளைக்கு அடைக்கிறார்கள் துரை. உன் கல் இன்னும் அங்கே இருக்கிறது. நீதான் எடுக்க வேண்டும்."

அவன் தராசைத் துடைத்து ஓரமாக வைத்தான். ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தான். படி இறங்கியவன் திரும்பி, "சாப்பிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "இரு, அக்கா. வந்திர்றேன். சேர்ந்து சாப்பிடுவோம்."

மணி மூன்றே கால். கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கரட்டுப் பக்கம் மழை இல்லை.