கூரையில் சூரியன் இருந்தும்

மச்சான்,

காலையில் கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளைக் கழுவ ஆள் வந்திருந்தான். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் எழுந்த புழுதி வாசனை அடுக்களை வரைக்கும் வந்தது. "நல்லா கழுவச் சொல்லு, அப்பவாச்சும் ராத்திரியில கரண்ட் வருதான்னு பாப்போம்" என்று நீ கிண்டலடிப்பாயே, அது ஞாபகம் வந்து சிரித்தேன். கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

நிலக்கரி மின்நிலையத்தில் ஆயுளைக் கழித்தவன் நீ. கரித்தூளும் உன் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. கிள்ளான் வீட்டில், கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அணு மின்சாரத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்பாய். "புகை இல்ல, ராவும் பகலும் ஒரே மாதிரி ஓடும் லா." எனக்கோ அணு என்றாலே பயம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஒருநாள் நாம் போட்ட கத்தலில் பக்கத்து மேசைக்காரர் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

அப்புறம் ஒருநாள் உன் தாமான் குடியிருப்பில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப் போவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். "என் வீட்டுக்கு வா மச்சான், கூரையிலயே கரண்ட் இருக்கு" என்று உன்னையும் உன் மெஷினையும் உன் மனைவி மேரியையும் பூச்சோங்குக்கு அழைத்து வந்தேன். மத்தியானம் பிடித்ததே பேய்மழை! ஓர் இடியில் எங்கள் தெருவே இருண்டது, என் வீடும்தான். தெருக் கம்பியில் கரண்ட் போனால், அதைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஆபத்து வராமலிருக்க சோலாரும் தானாக நின்றுவிடுமாம். பெரிதாகப் பீற்றிக்கொண்ட எனக்கு அது தெரியாது. பேட்டரியும் வைக்கவில்லை. மெஷின் கத்திக் கத்தி அடங்கியது. உன் உதடு நீலம் பாரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேரிதான் காரிலிருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

மூச்சு திரும்பியதும், கூரையைப் பார்த்துக் கறுவிக்கொண்டிருந்த என்னை நீ திட்டவில்லை. "சூரியன ஏசாத லா. அது பகல் ஷிப்ட் ஆளு. மழைக்கும் ராத்திரிக்கும் வேற ஆளு வேணும்" என்றாய்.

விடுவேனா நான்? "அப்ப உன் அணுக் கழிவ எங்கடா வைப்ப?"

"நியாயமான கேள்விதான். கட்டி முடிக்கவும் வருஷக்கணக்கா ஆகும், அதுவும் நெசம். ஆனா நான் தினமும் மூச்சு விடணுமே டா."

நான் எழுந்து, சிலிண்டரில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தேன்.

நீ கண்ணை மூடிய பிறகு பேட்டரி வாங்கினேன். அடைமழை நாட்களில் அதுவும் கையை விரித்துவிடுகிறது. அணுவைப் பற்றி யாராவது பேசினால் இப்போது எகிறிக் குதிப்பதில்லை. முழுசாகக் கேட்கிறேன், அப்புறம்தான் கழிவைப் பற்றிக் கேட்கிறேன். பயம் இன்னும் போகவில்லை, மச்சான். மேரி உன் மெஷினைக் கோயிலுக்கு வரும் ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டாள்.

வானம் கறுத்தால் மட்டும், உன் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்து வர இன்னமும் கார் சாவியைத் தேடுகிறேன். உனக்கு இனி கரண்ட் தேவையில்லை என்பது காரைக் கிளப்பிய பிறகுதான் உறைக்கிறது.