புளி போட்டு முறித்த பாமாயில்

உத்தமபாளையம்
18.1.2010

அன்பு மகள் ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு, அம்மாவின் சலாமும் துஆவும். அல்லாஹ் காவலில் நாங்கள் மூவரும் சுகம், டெல்லிக் குளிரில் உனக்கு இருமல் விட்டதா என்பதுதான் கவலை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அப்ரின் எழுதுகிறாள், பதினொன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து என் பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள்.

நேற்று போனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுத்திகரித்த எண்ணெயில் சூட்டினால் உண்டாகும் கெட்ட பொருளை அளக்கிறாய், நீ சோதனைக்குக் கேட்டு நான் அனுப்பிய நம் வீட்டு ரேஷன் பாமாயிலில் மட்டும் அது நாலு மடங்கு காட்டுகிறது, மூன்று தடவை பார்த்தும் அதே அளவு, உன் சோதனை முறையே தப்பு என்கிறார் அதிகாரி, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் காட்டாவிட்டால் அதைக் கைவிட வேண்டும் என்றாய். நான் பயந்துபோய் போனை உன் அத்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

மகளே, தப்பு உன்னுடையதல்ல. பாக்கெட் ஒழுகியதால் பாட்டிலில் ஊற்றினேன் என்று சொன்னது பொய். பிரித்து மோந்து பார்த்தேன், இந்த வாடையோடு அனுப்பினால் உன் ஆபீசில் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. எப்போதும்போல உப்பும் புளியும் உருட்டிப் போட்டு, உருண்டை கருகும்வரை காய்ச்சி வாடையை முறித்து, வடிகட்டித்தான் கொடுத்தேன். அத்தாவிடம் சொன்னதும், “அடியே, சோதனைக்கு அனுப்புனியா, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் அனுப்புனியா?” என்று சிரித்தார்கள். அப்ரின் உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, “உப்புல இருக்குற குளோரின் சூட்டுல எண்ணெயோட சேந்தா அந்தப் பொருள் வரும்னு அக்காவே எழுதியிருக்கும்மா, மெஷினு சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றாள்.

போனில் சொன்னால் உன் அதிகாரி நம்புவாரோ என்னவோ, அதனால்தான் எழுத்தில் தருகிறேன். ஏலக்காய் வியாபாரத்துக்காக இன்று டெல்லிக்கு ரயிலேறும் ஷானவாஸ் மாமனிடம் அதே கடைப் பாக்கெட் மூன்றைப் பிரிக்காமல் கொடுத்திருக்கிறேன், அதே புளி, அதே உப்பும் இருக்கிறது. உன் அதிகாரி கண் முன்னாலேயே ஒன்றை முறித்து அளந்து காட்டு. கடிதத்தையும் காட்டு, எனக்கு வெட்கமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, பயந்து பேசாதே. அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத் தருவான்.

பக்கத்து வீட்டு அய்யம்மாள், “ஒம்மக அங்கன என்னதான் வேல பாக்குறா?” என்று கேட்டாள். “பெத்தவ மறைச்சதையே கண்டுபிடிக்கிற வேல” என்றேன்.

உன் அம்மா,
சபுரா பீவி
(என் கையெழுத்து, அப்ரின் போட்டதல்ல)