எல்தோஸின் கால்கயிறு

என் கண்ணான மகன் ஒரல்பெக்குக்கும் மருமகள் சௌலேவுக்கும் அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீங்களும் என் பேரன் எல்தோஸும் அந்தக் கொரியாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஆடுமாடு சுகம், நானும் சுகம். அப்பாவையும் அந்த வரிசையில் சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே, நீ கூப்பிடும்போதெல்லாம் போன் அவர் கையில்தான் இருக்கிறது, எல்லாம் ஆறிவருகிறது என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். அதனால்தான் அங்கே வேலைக்கு வருகிற பக்கத்து வீட்டு அய்னாஷ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பேரன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை இந்த ஊரில் பார்க்காத ஆள் இல்லை. ரொட்டிக் கடைக்காரி, உன் பேரன் நிற்கிறானா, சோபா அவனைத் தூக்கி நிறுத்தியிருக்கிறதா என்று நக்கல் பண்ணினாள். உன் பேரன் இந்த வயதில் குப்புறக்கூட விழவில்லையே என்று வாயை அடைத்துவிட்டு வந்தேன்.

அப்பாவின் கால் புண்ணுக்கு ஒரு வருஷம் ஆகப்போகிறது. பூட்சுக்குள் லாட ஆணி கிடப்பது தெரியாமல் பகல் பூராவும் ஆட்டுக்குப் பின்னால் நடந்தாரே, அந்தப் புண்தான். சர்க்கரை நோய் கால் உணர்ச்சியைத் தின்றுவிட்டால் ஆணிக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதாம். நர்ஸ் மரால்தான் வந்து கழுவி, செத்த தோலை வெட்டி எடுத்து, நீ அனுப்பின வெள்ளி மருந்துத் துணியை வைத்துக் கட்டுவாள். உன் கத்தரிக்கோலைக் கண்டால் என் கிடாகூட மலையேறிவிடும் என்று அப்பா அவளைச் சீண்டுவார். கால் உங்களுடையது மாமா, மூக்கு என்னுடையது, பேசாமல் நீட்டுங்கள் என்பாள். அந்த நாற்றத்துக்குக் கூச்சப்பட்டுத்தான் அவர் ஒரு விருந்துக்கும் போவதில்லை, போனால் வாசலில் பூட்சைக் கழற்ற வேண்டுமே.

வெள்ளி என்றதும் அவருக்கு வந்த நம்பிக்கையை என்ன சொல்ல. நம் வீட்டில் நாற்பதாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் வெள்ளிக்காசு போடாமல் இருந்ததுண்டா? கட்டுத் துணி கறுத்து வந்தபோது, பார், வெள்ளி நோயை வாங்கிக்கொண்டது என்று குதித்தார். அந்த மருந்து அப்படித்தான் கறுக்கும், நோயுமில்லை பேயுமில்லை என்று மரால் சொன்னது காதில் ஏறவில்லை. அவள் தன் மகளின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போன சமயம் இவரே கட்டு மாற்றினார். பெருவிரல் கறுத்தது. உள்ளே இருந்த கறுப்பெல்லாம் நுனிக்கு வந்துவிட்டது, இனி வெளியேதான் போகும் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே காட்டினார். மரால் திரும்பி வந்து பார்த்ததும் காருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பட்டணத்து டாக்டர் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். இத்தனை வெள்ளி வைத்தும் ஏன் என்று மராலைக் கேட்டேன். வெள்ளி கிருமியைத்தான் கொல்லும் அக்கா, ரத்தம் போகாத இடத்துக்கு அது ரத்தம் கொண்டுவராது என்று அழுதாள். மற்றக் காலின் குதிகாலும் வெடித்திருக்கிறது, எடுத்தாலும் எத்தனை நாள் இருப்பார் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அப்பா மாட்டேன் என்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். காரணம் உன் பிள்ளைதான். பிள்ளை நடக்கத் தொடங்கும்போது இரண்டு காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி அறுப்போமே, வசந்தத்தில் நீங்கள் வந்ததும் எல்தோஸின் அந்தக் கால்கயிற்றைத் தானே அறுக்க வேண்டுமாம். அறுக்கிறவன் நடைதான் பிள்ளைக்கு வரும், ஒற்றைக்காலன் அறுத்தால் என் பேரன் நொண்டுவான், கயிறு அறுந்த பிறகு காலை மட்டுமா, தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடமே சொன்னார். வசந்தம் வரும் பெரியவரே, நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார் டாக்டர். அதற்கும் சிரிப்புதான். அவர் நடந்தால் கூட வருகிற நாய் ஓட வேண்டும், அப்படி நடந்த மனுஷன், அந்த நடையைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

கறுப்பும் வெள்ளையுமாய் நம் ஆட்டு மயிரில் அவரே திரித்துத் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்த அந்தக் கயிற்றை அவருக்குத் தெரியாமல் எடுத்து இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அது இங்கே இருக்கிற வரை அவர் காத்திருப்பார். பிள்ளை இன்னும் நடக்கவில்லையே என்று பார்க்காதே, இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி, நல்ல நடை உள்ள நம் ஜனத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, கடிதம் கிடைத்த அன்றைக்கே அறுத்துவிடு. அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பு. காத்திருக்க ஒன்றும் இல்லை என்று ஆனால் கத்திக்கு ஒத்துக்கொள்வாரோ, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாரோ, எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்கமாட்டார், அது தெரியும். ஒற்றைக் காலோடு உட்கார்ந்து என்னைத் திட்டட்டும், அந்தச் சத்தமாவது வீட்டில் இருக்கும்.

உன் உடம்பில் ஓடுவதும் அவர் ரத்தம்தான், படுக்கும் முன் உள்ளங்காலைத் திருப்பிப் பார், பூட்சைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடாதே. சௌலே, பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள் அம்மா. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, வலியைத் தெரிந்துகொள்கிற கால்களோடு இருங்கள். எல்தோஸ் யாருடைய நடையையாவது வாங்கிக்கொள்ளட்டும். தாத்தாவின் நடை எப்படி இருந்தது என்று அவன் கேட்டால், நீ ஒரு தடவை எழுந்து நடந்து காட்டு.

இப்படிக்கு, உன் அம்மா,
எல்தோஸின் பாட்டி குல்யாஷ்