வாயில் இருந்த இரண்டு பெயர்கள்

மார்ச் 4, பெய்ரூத்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஈராக்கிலிருந்து தப்பி வந்த ஆறு பேரின் வாக்குமூலங்களை, அடைக்கல மனுவுக்காக, கையாலேயே எழுதினேன். ஏழாவதாக உள்ளே வந்தவன் குதைபா.

பாக்தாத்தில் அவன், நான், லைத், மூவரும் ஒரே கல்லூரி. லைத்தும் நானும், இரண்டு ஆண்கள், ஒருவரையொருவர் காதலித்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எங்களைப் போன்றவர்களை வேட்டையாடிய ஆயுதக் கும்பலிடம் லைத்தின் பெயரைச் சொன்னவனும் அவன்தான் என்று கேள்விப்பட்டேன். நான்காம் நாள் லைத்தின் உடல் கிடைத்தது. அதற்குள் நான் எல்லை தாண்டியிருந்தேன். ஐந்து வருடம் ஆகிறது.

"முஹன்னத்... நீ உயிரோட இருக்கியா?"

தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 5

அலுவலகத்தை நடத்தும் ஜுமானாவிடம் சொன்னேன். லெபனானின் வடக்கே திரிப்போலிக்காரி, திருநங்கை, போலீஸையே அதட்டுவாள்.

"உன்னால முடியலன்னா நான் எழுதுறேன்டா. நீயே எழுதுறதா இருந்தா ஒழுங்கா எழுது. பழி வாங்கணும்னா வெளிய கூட்டிட்டுப் போய் நாலு அறை விட்டுட்டு வா. என் ஆபீஸ் பேனாவால வேணாம்."

மார்ச் 7

லைத் கனவில் வருவதில்லை. ரொட்டிக் கடை வரிசையில் வருகிறான், பிடரி மட்டும். இன்றும் பின்னாலேயே போய் யாரோ ஒருவன் தோளைத் தொட்டுவிட்டேன்.

மார்ச் 11

குதைபா சட்டையைக் கழற்றி முதுகிலிருந்த தழும்புகளைக் காட்டினான். நானே எழுதினேன்.

"என்னைப் பிடிச்சப்போ என் போன்ல நாம மூணு பேரும் இருக்கிற படம். ஒருத்தன் பேரைச் சொன்னா விட்டுடறோம்னாங்க. உங்க ரெண்டு பேரோட பேரும் என் வாயில இருந்துச்சுடா."

"என்னை ஏன் சொல்லல?"

"நீ ஊர்லயே இருந்த. அவன் முந்தின நாளே பஸ்ராவுக்குக் கிளம்பிட்டான்னு நெனச்சேன். மாட்டமாட்டான்னு நெனச்சுத்தான் அவன் பேரை..."

பேனா நின்றுவிட்டது.

லைத் கிளம்பத்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருடா, எனக்காக — என்று சொன்னது யாரு? நான்தானே? நான்தானே சொன்னேன்?

மார்ச் 15

நான்கு நாள் மேசை இழுப்பறையில் கிடந்த வாக்குமூலத்தை அகதிகள் ஆணையத்துக்கு அனுப்பிவிட்டேன். "எதையும் மறைக்காம எழுது" என்று குதைபா சொல்லியிருந்தான். லைத்தின் முழுப் பெயரையும் எழுதினேன். என் பங்கை எழுத அதில் இடமில்லை.

ஜூன் 2

யாருடைய கூட்டம் என்று தெரிந்ததும் மண்டபக்காரர் பயந்துவிட்டார். எங்கள் கூட்டம் ரத்து. ஜுமானா அலுவலகத் தரையிலேயே நாற்பது பேரை உட்காரவைத்துப் பேசினாள். குதைபா கதவருகே நின்றான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 19

குதைபாவுக்குக் கனடாவில் அடைக்கலம் கிடைத்துவிட்டது. விமான நிலையம் வரை நானும் போனேன், ஏனென்று தெரியாமல். உள்ளே போகும் முன் சொல்லிவிட்டேன்: "அவனைப் போகவிடாம நிறுத்தினது நான்தான்டா."

பையைக் கீழே வைத்தான். "இதை இத்தனை வருஷமும் தனியாவா வெச்சிருந்த?" என்றான். இருவரும் அழுதோம். காவலர் ஒருவர் நகரச் சொன்னார்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். விமானம் கிளம்பிப் பதினோரு மணி நேரம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.