தேனீக்களுக்கு நான் சொல்லாத சேதி

வெட்கக்கேடான விஷயம் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் செத்தவீட்டில் என் இடது கண் வீங்கிக் கிடந்ததற்குக் காரணம் அழுகை இல்லை, உன்னுடைய தேனீ. "உயிர்ச் சிநேகிதன், பாவம், எப்பிடி அழுதிருக்கிறான் பாருங்கோ" என்று தேவாலயத்தில் சனம் கதைத்தது. நான் மறுக்கவில்லை. கிடைத்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

இன்று உன் தோட்டத்தில் நிற்கிறேன். வெயில் பட்டு வைக்கோல் தேன்கூடு மணக்கிறது. கண்மடல் மறுபடி அரிக்கிறது.

கவிழ்த்த ஓலைக் கடகம் போல அதை நீ ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து பின்னியபோது, டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் ஊர் முழுக்க உனக்குப் பைத்தியம் என்று சொல்லித் திரிந்தவன் நான்தான். ஊரெல்லாம் ஸ்டைரோபோம் பெட்டியில் தேனீ வளர்க்கிறதே, உனக்கு மட்டும் ஏன் வைக்கோல் என்று கேட்டேன். "பக்டரியில எட்டு மணித்தியாலம் அந்தப் பெட்டியைத்தான் அடுக்கிறன். அதுகளையும் அதுக்குள்ளையோ விடச் சொல்லுறாய்?" என்றாய்.

பக்கத்து வீட்டு டெனிஷ் கிழவி சொன்ன வழக்கத்தை நீதான் எனக்குச் சொன்னாய். வீட்டுக்காரர் செத்தால் வீட்டுப் பூட்டைத் திறக்கும் திறப்பால் கூட்டில் மூன்று தரம் தட்டிச் சேதி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தேனீ எல்லாம் பறந்துவிடும். இருவரும் சிரித்தோம். பிறகு ஆசுப்பத்திரிக் கட்டிலில் நீ சிரிக்காமல் சொன்னாய்: "மச்சான், நீதான் சொல்லவேணும். இஞ்ச எந்தச் சாவெண்டாலும் முதல்ல ஃபோன் அடிக்கிறவன் நீதானே."

"தமிழிலயோ, டெனிசிலயோ?"

"தமிழில சொல்லு. டெனிசில கதைக்க எனக்குப் பிள்ளையள் இருக்கினம்."

செத்தவீட்டன்று காலை உன் வீட்டுத் திறப்போடு வந்தேன். மூன்று தரம் தட்டினேன். குனிந்து கூட்டின் வாசலருகே வாயை வைத்தேன். எத்தனை பேருடைய சாவுச் சேதியை எத்தனை வீடுகளுக்குக் காவிக்கொண்டு போனவன் நான்! உன்னுடையது என்று வந்தபோது, "அவன் வேலைக்குப் போயிட்டான், பின்னேரம் வருவான்" என்றேன். அப்போதுதான் தேனீ ஒன்று வந்து கண்மடலில் கொட்டியது. அதற்குப் பொய்யென்று தெரிந்துவிட்டது போலிருந்தது.

குசினி யன்னலால் உன் மனைவி கேட்டாள்: "சொல்லிட்டியளே அண்ணை?"

"ஓம் பிள்ளை, சொல்லிட்டன்."

"போயிடாதுகள்தானே? அவற்ற கை பட்டதெண்டு எனக்கு இதுதான் இருக்கு."

அன்றிலிருந்து மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வருகிறேன், இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. ஒவ்வொரு முறையும் திறப்பால் தட்டிவிட்டு, "ஓவர்டைமாம், பிந்தித்தான் வருவான்" என்கிறேன். மனிதரில் இவ்வளவு ஓவர்டைம் செய்தவன் நீயாகத்தான் இருப்பாய். தேனீக்கள் இன்னும் போகவில்லை. சொல்லாத அந்த ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டு நானும் போகாமல் நிற்கிறேன்.

சற்று முன் உன் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். போனில் வாசித்ததை டெனிசில் சொன்னாள். கோடைத் தேனீக்கு ஆயுசு ஆறு வாரம்தானாம். ராணியை விட்டால், உன்னைக் கண்ட தேனீ ஒன்றுகூட இப்போது இந்தக் கூட்டில் இல்லை.